நெபுலைசர் வாங்குவதா, ஸ்பேசர் போதுமா? ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஓர் ஒப்பீடு

குழந்தைக்கு ‘வீசிங்’ என்று மூன்றாவது முறையாக மருத்துவமனையில் நெபுலைசர் வைத்து அனுப்பிய பிறகு, அல்லது வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகு, பல குடும்பங்கள் செய்யும் முதல் காரியம் ஒரு நெபுலைசரை விலைக்கு வாங்கி அலமாரியில் வைப்பதுதான். நள்ளிரவில் ஆட்டோ தேடி அலைய வேண்டாம் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கும் ஸ்பேசரும், எப்போது என்ன செய்வது என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் அதைவிட அதிகம் பயன் தரும் என்பதைச் சொல்வார் குறைவு. எந்தக் கருவியை வாங்குவது, எந்த மருந்தைக் கையில் வைத்திருப்பது, நோயின் போக்கை எதைக் கொண்டு கவனிப்பது, இவற்றையெல்லாம் யாரிடம் கற்பது என்று ஆஸ்துமா உள்ள வீடு நான்கு முடிவுகளை எடுத்தாக வேண்டும். இவற்றுள் நான்காவதே மற்ற மூன்றின் பயனையும் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் பணமும் கவலையும் முதலாவதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

நெபுலைசரும் ஸ்பேசரும்

நெபுலைசர் என்பது நீர்மமான மருந்தைக் காற்றழுத்தத்தால் பனிபோல மாற்றி, முகமூடி வழியாக ஐந்து முதல் பத்து நிமிடம் வரை சுவாசிக்கச் செய்யும் இயந்திரம். இன்ஹேலர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் அழுத்தக் குப்பி, ஒரு முறை அழுத்தினால் அளந்த அளவு மருந்தை மிக வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்த வேகத்தில் மருந்தின் பெரும்பகுதி தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடுகிறது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே ஸ்பேசர் என்ற வெற்றுக் குழாயைப் பொருத்தினால் வேகம் தணிந்து, மருந்து சில நொடிகள் அதனுள் மிதக்கும். அதை நோயாளி தன் வசதிக்கு மெதுவாக இழுத்துக்கொள்ளலாம். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய வேண்டிய கட்டாயம் இதனால் போய்விடுகிறது. குழந்தைகளும் கை நடுங்கும் முதியவர்களும் தோற்பது அந்த ஒரு நொடியில்தான்.

இயந்திரம் பெரியது, சத்தமிடுகிறது, புகைபோல மருந்து வெளிவருவது கண்ணுக்குத் தெரிகிறது; ஆகவே அதுவே வீரியமானது என்று தோன்றுவது இயல்பு. அளவுக் கணக்கைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் வலுப்படும்: மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் என்ற மருந்தை நெபுலைசரில் ஊற்றுவதற்கென அடைத்து வரும் சிறு பிளாஸ்டிக் குப்பியான ரெஸ்பியூல் ஒன்றில் 2.5 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவதோ 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு ரெஸ்பியூல் 25 அழுத்தங்களுக்குச் சமம். ஆனால் அந்த 2.5 மில்லிகிராமில் பெரும்பகுதி அறைக் காற்றிலும் இயந்திரத்தின் கிண்ணத்திலும் முகமூடியின் ஓரத்திலும் வீணாகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உயிருக்கு ஆபத்தான நிலையை எட்டாத ஆஸ்துமாத் தாக்குதல்களில் ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறைந்ததாக இல்லை என்பது தெளிவாயிற்று. குழந்தைகளைப் பொறுத்தவரை ஸ்பேசர் ஒரு படி மேலே நின்றது: அவசரப் பிரிவில் அவர்கள் இருந்த நேரம் குறைந்தது, நாடித் துடிப்பும் அவ்வளவாக ஏறவில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மருத்துவமனையில் கடுமையான தாக்குதலோடு வருபவருக்கு நெபுலைசரைப் பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டு இயக்குகிறார்கள். வீட்டில் உள்ள இயந்திரமோ அறைக் காற்றைத்தான் அழுத்தித் தருகிறது. ஆக, மருத்துவமனையின் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று நினைக்கும் குடும்பம், அந்தச் சிகிச்சையில் கடுமையான நேரத்துக்கு இன்றியமையாத பாதியைக் கொண்டுவரவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு ரெஸ்பியூல், ஒரு மணிக்கு இன்னொன்று, மூன்று மணிக்கு மற்றொன்று என்று வைத்துக்கொண்டே விடியலுக்காகக் காத்திருப்பதுதான் வீட்டு நெபுலைசரின் உண்மையான ஆபத்து. பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான தேசிய மீளாய்வு, 195 இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. அவர்களில் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடாமலோ அந்த உதவி வந்து சேரும் முன்போ இறந்திருந்தார்கள். நோய் கூடினால் என்ன செய்வது என்று தனக்கென எழுதப்பட்ட செயல்திட்டத்தைப் பெற்றிருந்தவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. இலவச மருத்துவச் சேவை இருக்கும் நாட்டின் கணக்கு இது.

மின்வெட்டு, சுத்தம் செய்யும் வேலை, பயணத்தில் தூக்கிச் செல்ல முடியாமை ஆகியவற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஸ்பேசர் கைப்பையில் அடங்கிவிடும். திருச்சி போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையிலும் பயன்படும். அழும் குழந்தையின் முகத்துக்கு அருகே முகமூடியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தபடி நெபுலைசர் வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். அப்படிச் செய்தால் மருந்து குழந்தையைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். முகமூடி முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதி இரண்டு கருவிகளுக்கும் பொது.

ஸ்பேசரை வாங்கிவிட்டால் மட்டும் போதாது, அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. புதிய பிளாஸ்டிக் ஸ்பேசரின் உட்சுவரில் நிலைமின்னூட்டம் இருக்கும். மருந்துத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் முறை பயன்படுத்தும் முன்பும் பிறகு மாதம் ஒரு முறையும் மிதமான சோப்பு கலந்த நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். துடைத்தால் மின்னூட்டம் திரும்பிவிடும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு முறை மட்டும் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, முடிந்தால் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும்; சிறு குழந்தையாக இருந்தால் இயல்பாக நான்கைந்து முறை மூச்சு வாங்கினால் போதும். மருத்துவர் இரண்டு அழுத்தம் எழுதியிருந்தால், இரண்டையும் ஒன்றாக அழுத்திவிட்டு இழுக்கக் கூடாது; முதலாவதை முடித்து, மீண்டும் குலுக்கி, இரண்டாவதைத் தொடங்க வேண்டும். ஸ்பேசர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் தலைமையிலான மருத்துவர்கள், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்திக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், பாட்டில் கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு ஈடுகொடுத்தது.

அப்படியானால் நெபுலைசரே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. ஸ்பேசரின் முகமூடியை எவ்வளவு பழக்கியும் ஏற்காத கைக்குழந்தை, பக்கவாதத்தால் கை இயங்காத முதியவர், ஆஸ்துமாவோடு வேறு நுரையீரல் நோயும் உள்ளவர், அடிக்கடி கடுமையான தாக்குதலுக்கு ஆளாகி மருத்துவமனைக்குத் தொலைவில் வசிப்பவர் ஆகியோருக்கு மருத்துவரே அதைப் பரிந்துரைக்கலாம். அப்போதும் எத்தனை முறை வைத்த பிறகு வண்டியேற வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டும்.

அழுத்தும் இன்ஹேலரா, கேப்சூல் போடும் கருவியா

ரோட்டாஹேலர் போன்ற பொடிக் கருவிகள் நம் ஊரில் மிகவும் புழக்கத்தில் உள்ளவை. கேப்சூலை உள்ளே போட்டு, திருகி, வாயில் வைத்து இழுக்க வேண்டியதுதான். நோயாளியின் மூச்சே பொடியை உள்ளே கொண்டுபோவதால் கையையும் மூச்சையும் ஒருங்கிணைக்கும் சிக்கல் இல்லை. விலையும் தொடக்கத்தில் குறைவு. பத்து கேப்சூல் மட்டும் வாங்கிக்கொள்ளும் வசதி மாதச் செலவை எண்ணிப் பார்க்கும் குடும்பத்துக்குச் சிறியதல்ல. ஆனால் பொடியைக் கலைத்து உள்ளே இழுக்கும் அளவுக்கு மூச்சில் வலு வேண்டும். சிறு குழந்தைகளிடம் அந்த வலு கிடையாது. பெரியவர்களிடமும் கடுமையான தாக்குதலின்போது, அதாவது மருந்து மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில், அது குறைந்துவிடுகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஈரக்காற்றில் திறந்து வைத்த கேப்சூல் பிசுபிசுத்துப் போகும்; கருவிக்குள் ஊதிவிட்டு இழுப்பவர்களின் மூச்சு ஈரமும் அதையே செய்யும். கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்களும் உண்டு, இதைப் படித்துச் சிரிப்பவர்கள் தங்கள் வீட்டுத் தாத்தாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, இரண்டையும் ஒருவரிடம் சேர்த்துக் கொடுப்பதுதான் பெரிய பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. அழுத்தும் இன்ஹேலரை மெதுவாக, நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். பொடிக் கருவியை ஒரே மூச்சில் வேகமாக, வலுவாக இழுக்க வேண்டும். காலையில் ஒன்றும் அவசரத்துக்கு மற்றொன்றும் வைத்திருப்பவர், சில வாரங்களிலேயே இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கத் தொடங்கிவிடுவார். ஏதாவது ஒன்று கட்டாயம் பிழையாகப் போகும். எனவே தினசரி மருந்தையும் அவசர மருந்தையும் ஒரே வகைக் கருவியில் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. என் தேர்வு ஸ்பேசரோடு கூடிய அழுத்தும் இன்ஹேலர். சிறியவர் முதல் முதியவர் வரை ஒரே வீட்டில் அதையே அனைவருக்கும் பழக்கலாம்.

இன்ஹேலர் குப்பி தீர்ந்ததா என்பதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தகாதது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மட்டும் சில முறை பீய்ச்சும். வெறும் வாயுவை இழுத்துக்கொண்டு மருந்து எடுத்ததாக நினைத்துக்கொள்வோம். எண் காட்டும் குப்பியை வாங்க வேண்டும். இல்லையென்றால், 200 அழுத்தம் உள்ள குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்க வேண்டும்.

நிவாரணி மட்டுமா, கூட்டு மருந்தா

கருவியைவிட இந்த முடிவு கனமானது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது ஒரு பாதி, குழாயின் உட்சுவர் அழன்று வீங்கியிருப்பது மறு பாதி. நிவாரணியான சால்புட்டமால் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அழற்சியை அது தொடுவதே இல்லை. உடனே சுகம் தெரிவதால் நோயாளி அதையே நம்புகிறார், மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்கிறார், உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே போவது அவருக்குத் தெரிவதில்லை.

ஜினா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பு, 2019இல் தன் வழிகாட்டியில் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது: 12 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சால்புட்டமால் வகை மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவைக் கவனிக்கக் கூடாது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு, உள்ளிழுக்கும் மருந்தாக, எந்த வடிவிலாவது கூட இருக்க வேண்டும். ஆண்டுக்கு 200 அழுத்தம் கொண்ட சால்புட்டமால் குப்பிகளை மூன்றோ அதற்கு மேலோ தீர்ப்பவருக்குக் கடுமையான தாக்குதலின் வாய்ப்பு கூடுகிறது என்றும், பன்னிரண்டோ அதற்கு மேலோ தீர்ப்பவருக்கு இறப்பின் வாய்ப்பே கூடுகிறது என்றும் அந்த வழிகாட்டி எச்சரிக்கிறது. மாதம் ஒரு குப்பி வாங்குபவர் தன் நோய் கட்டுக்குள் இருப்பதாக நினைத்திருப்பார். கடைக்காரரும் அவரை நல்ல வாடிக்கையாளர் என்றே எண்ணுவார்.

இதற்கு மாற்று, ஸ்டீராய்டான புடெசொனைடும் தசையைத் தளர்த்தும் ஃபார்மொடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர். ஃபார்மொடெரால் சால்புட்டமாலைப் போலவே சில நிமிடங்களில் வேலை செய்யும், பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும். ஒவ்வொரு முறை நிவாரணத்துக்காக இழுக்கும்போதும் அதனோடு ஸ்டீராய்டும் உள்ளே போய்விடுகிறது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடத்திய சிக்மா ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. தேவைப்படும்போது மட்டும் இந்தக் கூட்டு மருந்தை எடுத்தவர்களுக்கு, நிவாரணியை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 விழுக்காடு குறைந்திருந்தன. தினமும் எடுக்கச் சொன்னால் மறந்துவிடும், நன்றாக இருக்கும்போது நிறுத்திவிடும் நம் இயல்புக்கு இந்த முறை பொருந்துகிறது. ஆனால் எல்லாக் கூட்டு மருந்தையும் இப்படிப் பயன்படுத்த முடியாது. சால்மெட்டெரால் சேர்ந்த இன்ஹேலர் மெதுவாகவே வேலை செய்யும் என்பதால் அது அவசரத்துக்கு உதவாது. குப்பியின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கான உச்ச அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

விலை இந்த மாற்றின் குறை. சால்புட்டமால் குப்பியைவிடக் கூட்டு மருந்து கூடுதல் விலை. ஜன் ஔஷதி கடைகளில் பொதுப்பெயர் இன்ஹேலர்கள் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் அந்த இடைவெளி ஓரளவு சுருங்கியிருக்கிறது. இன்னொரு தடை ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் வரும் அச்சம். அச்சப்படுபவர்களில் பலர், இழுப்பு அதிகமானபோது மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரையைத் தயங்காமல் வாங்கி விழுங்குபவர்கள் என்பதுதான் வேடிக்கை. தாக்குதலின்போது பெரியவருக்குத் தரப்படும் பிரெட்னிசொலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கும். இன்ஹேலரில் ஒரு முறை வருவது 200 மைக்ரோகிராம் புடெசொனைட். இரண்டின் வீரியமும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், ஒன்று இரத்தத்தின் வழியே உடல் முழுதும் போகிறது, மற்றொன்று பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நிற்கிறது. வாழ்நாளில் நான்கைந்து முறை ஸ்டீராய்டு மாத்திரைச் சிகிச்சை எடுத்தாலே எலும்புத் தேய்மானம், நீரிழிவு, கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பு உயர்கிறது. இன்ஹேலர் தரும் தொல்லை தொண்டைக் கரகரப்பும் வாய்ப்புண்ணும். இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம். சால்புட்டமால் மாத்திரையிலும் இதே கதைதான்: 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இன்ஹேலரை 40 முறை அழுத்துவதற்குச் சமமான மருந்து. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் வருகின்றன.

உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியர். ஆஸ்துமா இறப்புகளிலோ நம் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேராதது அவற்றில் முதன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜூன் மாதம் தெலுங்குப் பஞ்சாங்கத்தின் மிருகசீரிடக் கார்த்தி நாளில் ஐதராபாத்தில் உயிர் விரால் மீனை மஞ்சள் நிற மருந்துக் குழைவோடு விழுங்கக் கூடும் கூட்டத்தையும், தூதுவளை, ஆடாதோடை போன்ற கைமருந்துகளையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மீனால் ஆஸ்துமா தீரும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. மூச்சுப் பயிற்சி, பிராணாயாமம் ஆகியவை சிலருக்கு அறிகுறிகளைக் குறைத்து மன அமைதியைத் தரலாம். தாக்குதல் வரும் வாய்ப்பை அவை குறைப்பதில்லை. இவற்றைக் கூடச் செய்பவரைத் தடுக்க வேண்டியதில்லை; இவற்றுக்காக இன்ஹேலரை நிறுத்துபவரைத்தான் தடுக்க வேண்டும்.

எண்ணைப் பார்ப்பதா, உடலைக் கேட்பதா

பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாயில் வேகமாக ஊதினால், மூச்சை எவ்வளவு விரைவாக வெளிவிட முடிகிறது என்பது எண்ணாகத் தெரியும். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறிக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாட்களில் கிடைக்கும் மிக உயர்ந்த எண் அவரவர்க்கான அளவுகோல். ஒருவருக்கு அது 400 என்றால், வழக்கமான செயல்திட்டங்களின்படி 320க்கு மேல் பச்சை, 200க்கும் 320க்கும் இடையே மஞ்சள், 200க்குக் கீழ் சிவப்பு. மற்றொரு வழி, கருவியே இல்லாமல் கடந்த நான்கு வாரங்களைப் பற்றி நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது: பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இழுப்பு வந்ததா, இரவில் அதனால் விழித்தேனா, நிவாரணியை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுத்தேனா, எந்த வேலையையாவது இதனால் விட்டேனா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. மூன்று அல்லது நான்குக்கு ஆம் என்றால் கட்டுக்குள் இல்லை.

மீட்டரின் எண்ணை வைத்து எழுதியவை, அறிகுறிகளை வைத்து எழுதியவை என்ற இரண்டு வகைச் செயல்திட்டங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பயன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே பெரும்பாலோருக்கு நான்கு கேள்விகளே போதும். மீட்டர் தனியாகப் பயன்படுவது சிலருக்குத்தான்: மூச்சு சுருங்குவதை உடலால் உணராதவர்கள், முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய் வந்தவர்கள், வேலையிடத்தால் நோய் வருகிறதோ என்று சந்தேகிப்பவர்கள். திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலையிலோ மாவு மில்லிலோ வேலை செய்பவர், வேலை நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் ஊதிக் குறித்து வந்தால், ஞாயிறன்று எண் ஏறித் திங்களன்று இறங்குவது கண்முன்னே தெரியும். அந்தத் தாள் மருத்துவருக்கு எந்த விளக்கத்தையும்விட உதவும்.

எந்த வழியானாலும் கடைசியில் அது ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தினமும் என்ன எடுப்பது, இழுப்பு கூடினால் எதை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவரை அழைப்பது, எப்போது 108ஐ அழைப்பது ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், நிவாரணி எடுத்தும் தணியாமை, தணிந்து சற்று நேரத்திலேயே மீண்டும் இழுப்பு வருதல் ஆகியவை கடைசி வரிக்கு உரியவை. வண்டி வரும்வரை என்ன செய்வது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்கும் கற்பிக்கும் எளிய முறை ஒன்று உண்டு: ஸ்பேசரில் சால்புட்டமாலை ஒவ்வொன்றாக நான்கு முறை அழுத்தி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருத்தல், தணியவில்லை என்றால் மீண்டும் அதே. போகிப் புகை சூழும் விடியலிலும் தீபாவளி இரவிலும் இந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிரதி வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும்.

யாரிடம் கற்பது

கையேட்டைப் படிப்பது, காணொளியைப் பார்ப்பது, மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்வதைக் கேட்பது, செவிலியரோ மருந்தாளுநரோ கையில் கருவியைக் கொடுத்துச் செய்யச் சொல்லித் திருத்துவது என்று நான்கு வழிகள் நம்முன் இருக்கின்றன. தகவலை மட்டும் தரும் ஆஸ்துமாக் கல்வி நோயாளியின் அறிவைக் கூட்டினாலும் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதில்லை என்பதைத் தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே கல்வியோடு எழுதிய செயல்திட்டமும், தானே கவனித்துக் குறிக்கும் பழக்கமும், குறித்த இடைவெளியில் மருத்துவரின் மறுபார்வையும் சேரும்போதுதான் சேர்க்கையும் அவசரப் பிரிவு வருகையும் வேலைக்குப் போகாத நாட்களும் குறைகின்றன. காணொளி இலவசமானது, தமிழிலும் ஏராளம் உண்டு; ஆனால் பார்ப்பவர் தவறாக இழுத்தால் அது வாய் திறக்காது.

பின்லாந்து 1994 முதல் 2004 வரை நடத்திய தேசிய ஆஸ்துமாத் திட்டம் இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. தாரி ஹாதெலா முன்னின்று நடத்திய அத்திட்டம் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தொடங்கியது, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்தகங்களிலும் ஆஸ்துமாவுக்கெனப் பொறுப்பான ஒருவரைப் பயிற்றுவித்து நிறுத்தியது, நோயாளிக்குத் தானே சமாளிக்கும் வழியைக் கற்றுக்கொடுத்தது. பத்தாண்டில் மருத்துவமனையில் ஆஸ்துமாவுக்காகக் கழிந்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

நம் ஊரில் மருந்துக் கடையின் மறுபக்கத்தில் நிற்பவர் எப்போதும் பயிற்சி பெற்ற மருந்தாளுநராக இருப்பதில்லை. மருத்துவருக்கோ வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். எனவே கேட்டு வாங்கும் பொறுப்பு நோயாளியிடம் வந்து சேர்கிறது. “எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்” என்று கேட்பதைவிட, “டாக்டர், நான் எடுத்துக் காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்” என்று கேட்பது நல்லது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும், பிழையும் கண்ணில் படும். இன்ஹேலர் பயன்படுத்துவோரில் 70 முதல் 80 விழுக்காட்டினர் வரை சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது ஜினா தரும் கணக்கு. சரியாகக் கற்றவர்களும் நான்கு முதல் ஆறு வாரங்களில் பழைய பிழைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதனால் முதல் மறுபார்வைக்குப் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல், இன்ஹேலர், ஸ்பேசர், செயல்திட்டத் தாள் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டும் முன்பு, அதை இழுத்துக் காட்டச் சொல்லாத மருத்துவரிடம் நாமே அதை எடுத்துக் காட்டலாம்.